விலையைச் சொல்லுங்கள், விதைக்கிறோம்!

"பெட்ரோலுக்குச் சோளம் போடச் சொல்கிறார்களாமே, தம்பி! போடலாமா, வேண்டாமா?"

இராயக்கோட்டைப் பக்கத்திலே ஒரு சிற்றூர். கூட்டம் முடிந்து, கொடிகளைச் சுருட்டிக் கொண்டிருந்த நேரம். மேடையருகே வந்து நின்று ஒரு முதியவர் கேட்ட கேள்வி இது. தோளிலே துண்டு, காலிலே புழுதி, உடைமை என்று சொல்ல நாலு ஏக்கர் மானாவாரி. மகன் ஓசூர் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி.

மேடையிலே ஒரு மணி நேரம் முழங்கியவன் நான். அவருடைய ஒரு வரிக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை! "விசாரித்துச் சொல்கிறேன், ஐயா" என்றேன். விசாரித்தேன். படித்தேன். கணக்குப் போட்டேன். அந்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, ஓசூர் முதல் ஊத்தங்கரை வரை வானத்தைப் பார்த்து ஏர் பூட்டுகிற அத்தனை பேருக்கும், அவர்கள் பெற்று ஆலைக்கு அனுப்பி வைத்த பிள்ளைகளுக்கும்!

அவர் கேட்டது இனிப்புச் சோளத்தைப் பற்றி. மக்காச்சோளம் அல்ல, வேகவைத்து மிளகாய்த்தூள் தடவி விற்கிறார்களே, அந்தக் கதிரும் அல்ல. நம் பாட்டன் விதைத்த அதே சோளத்தின் உடன்பிறந்த இனம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சோளத்தட்டையை ஒடித்துக் கடித்து, சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்பிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தத் தட்டையிலே இனிப்பு மிகுந்த வகையைத் தேர்ந்தெடுத்து, ஆராய்ச்சியாளர்கள் மேலும் இனிப்பாக்கினார்கள். எஸ்.எஸ்.வி. 84 என்றொரு இரகம், சி.எஸ்.எச். 22 எஸ்.எஸ். என்றொரு கலப்பினம் என்று பெயரிட்டார்கள். மராட்டியத்துப் பல்டானில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தார் தம் கலப்பினத்துக்கு 'மதுரா' என்றே பெயர் சூட்டினார்கள்.

மேலே கதிர், மனிதனுக்கு. நடுவே சாறு, எந்திரத்துக்கு. பிழிந்த சக்கை, மாட்டுக்கு. ஒரே பயிரில் மூன்று பலன்! சாற்றைப் புளிக்க வைத்து வடித்தால் எரிசாராயம். அதைத்தான் எத்தனால் என்கிறார்கள். ஒரு டன் தட்டையிலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் கிடைக்கும். கரும்பு வெட்ட ஓராண்டு காத்திருக்க வேண்டும். இதற்கு நாலு மாதம் போதும். கரும்பு குடிக்கிற தண்ணீரில் சிறு பங்கு இதற்குப் போதும். கரும்பைக் கனவிலே மட்டும் காணக்கூடிய தளியும் சூளகிரியும் பர்கூரும் இதை நிலத்திலே காணலாம்.

கேட்கவே இனிக்கிறது அல்லவா? சோளம் இனிக்கிறது, உண்மை. ஆனால் அதன் கதையிலே கசப்பும் உண்டு. அதையும் சொல்லாமல் போனால் நான் விளம்பரக்காரன் ஆவேனே தவிர, தோழன் ஆகமாட்டேன்.

மதுவை விரட்டிய மண்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள். சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்தன. கொண்டு வந்த ஆச்சாரியார் பிறந்ததும் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில்தான்.

சாராயத்தை முதலில் விரட்டிய அதே மண்ணுக்கு இன்று சாராயம் மீண்டும் வருகிறது, மனிதன் வயிற்றுக்கல்ல, மோட்டார் வயிற்றுக்கு! 2022-இல் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் கலந்தார்கள். 2025-இல் அது இருபது பங்காயிற்று. ஓசூரிலே ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனம், எத்தனாலிலேயே ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்றை 2019 ஜூலையில் டில்லியில் அறிமுகம் செய்தது. மகன் வேலை பார்க்கும் ஊரிலே வண்டி. தந்தை உழுகிற காட்டிலே அதற்குத் தீனி! இரண்டுக்கும் நடுவே முப்பது நாற்பது கல் தொலைவுதான். ஆனால் அந்தத் தொலைவைக் கடக்க முடியாமல் இந்தப் பயிர் மற்ற இடங்களில் இரண்டு முறை இடறி விழுந்திருக்கிறது.

மேடக் சொல்லும் பாடம்

2007-ஆம் ஆண்டு. அன்றைய ஆந்திரத்து மேடக் மாவட்டத்தில் ரஸ்னி டிஸ்டிலரீஸ் என்ற ஆலை எழுந்தது. இனிப்புச் சோளத்திலிருந்து எத்தனால் வடிக்க அமைந்த முன்னோடி ஆலை. நாளொன்றுக்கு 40,000 லிட்டர் வடிக்கும் திறன். அருகே பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் துணை நின்றது. உழவர்கள் விதைத்தார்கள். பயிரும் பொய்க்கவில்லை. ஆனாலும் ஆலை நீடிக்கவில்லை. பிறகு மராட்டியத்து நாந்தேட்டில் டாட்டா கெமிக்கல்ஸ் நாளுக்கு 30,000 லிட்டர் திறனில் ஓர் ஆலை வைத்தது. பெரிய முதலாளி, பெரிய பணம்; அதுவும் நிலைக்கவில்லை.

ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே! கணக்குக் கேட்கத் தெரிந்தவனைத்தான் எவனும் ஏமாற்ற முடியாது.

நாளுக்கு 40,000 லிட்டர் வேண்டும். டன்னுக்கு 40 லிட்டர். ஆகவே நாள்தோறும் 1,000 டன் தட்டை வேண்டும். ஏக்கருக்கு 15 டன் என்றால், ஒவ்வொரு நாளும் 65 ஏக்கருக்கு மேல் வெட்டியாக வேண்டும். இன்றும் வெட்ட வேண்டும், நாளையும் வெட்ட வேண்டும், ஞாயிறும் வெட்ட வேண்டும், பொங்கலன்றும் வெட்ட வேண்டும்! மழை பார்த்து எல்லாரும் ஒரே வாரத்தில் விதைப்பார்கள். எல்லாருடைய பயிரும் ஒன்றாகவே முற்றும். அந்த ஒரு மாதம் ஆலை வாசலிலே வண்டிகளின் வரிசை. மற்ற மாதங்களில் வாசலிலே வாட்ச்மேன் மட்டும்!

அடுத்தது நேரம். சோளத்தட்டை காத்திருக்காது. வெட்டிய ஒரு நாளுக்குள் பிழிய வேண்டும். பிந்தப் பிந்தத் தட்டைக்குள்ளேயே சர்க்கரை புளித்துக் குறைந்து போகும். இருபது கல் தொலைவில் வெட்டி, வாடகை லாரிக்குக் காத்திருந்து, ஆலை வாசலில் ஓர் இரவு படுத்திருந்தால், மறுநாள் எடை மேடையில் ஏறுவது சர்க்கரை அல்ல, சருகு!

மூன்றாவதாக விலை. எல்லாவற்றுக்கும் அடிவேர் அதுதான். 2006-07 காலத்தில் எண்ணெய்க் கம்பெனிகள் எத்தனாலுக்குக் கொடுத்த விலை லிட்டருக்கு 21 ரூபாய் 50 காசு. ஒரு டன் தட்டைக்கு 40 லிட்டர் என்றால், கிடைக்கும் மொத்தப் பணமே 860 ரூபாய்! அதற்குள் உழவன் உழுத கூலி, வெட்டுகிறவன் கூலி, வண்டி வாடகை, ஆலைச் செலவு, முதலாளியின் வட்டி, இலாபம் எல்லாம் அடங்கவேண்டும். 2010-இல் 27 ரூபாய் ஆக்கினார்கள். அப்போதும் டன்னுக்கு 1,080 ரூபாய்தான். ஆயிரம் ரூபாய்ப் பந்தியிலே ஆறு பேர் உட்கார்ந்தால், கடைசி இலையில் உட்கார்ந்தவன் வெறும் இலையோடு எழுந்திருப்பான். கடைசி இலை யாருடையது என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

ஆக, தோற்றது சோளமல்ல. தோற்றது ஏற்பாடு.

காட்டாமணக்கை மறந்தீரோ?

வேறு ஊர்க் கதைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டிலேயே நடந்தது உண்டு. 2003-இல் டில்லித் திட்டக் குழு அமைத்த ஒரு குழு, காட்டாமணக்கு நட்டால் டீசல் கொட்டும் என்று அறிக்கை தந்தது. தரிசிலே வளரும், தண்ணீர் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம் என்றார்கள். கோவைப் பக்கத்திலும் திருவண்ணாமலைப் பக்கத்திலும் நம்பி நட்டவர்கள் உண்டு. தண்ணீர் விடாத செடி காய்க்கவில்லை. காய்த்ததை வாங்க ஆளில்லை. நட்டவர்களே பிடுங்கி எறிந்தார்கள். திட்டம் போட்டவர் எவருக்கும் நட்டமில்லை, நட்டவனுக்குத்தான் நட்டம்!

அதனால்தான் சொல்கிறேன்: பயிரின் பெருமை பேசுகிறவரை இரண்டாவதாகக் கேளுங்கள். விலையைப் பேசுகிறவரை முதலில் கேளுங்கள்.

இன்றைய கணக்கு

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2024-25 பருவத்தில் கரும்புச் சாற்று எத்தனாலுக்கு லிட்டர் 65 ரூபாய் 61 காசு. மக்காச்சோள எத்தனாலுக்கு 71 ரூபாய் 86 காசு. அன்றைய 860 ரூபாய், கரும்புச் சாற்று விலையில் பார்த்தாலே இன்று 2,600 ரூபாயைத் தாண்டுகிறது. டில்லியின் 2018-ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் கொள்கை, எத்தனால் எடுக்கத்தக்க பயிர்களின் பட்டியலில் இனிப்புச் சோளத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

பட்டியலிலே பெயர் இருக்கிறது. பையிலே பணம் வருமா?

கரும்புக்குச் சட்டப்படி விலை உண்டு. 2025-26 பருவத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். சோளத் தானியத்துக்கும் ஆதரவு விலை உண்டு. அதே பருவத்துக்குக் குவிண்டால் 3,699 ரூபாய். ஆனால் சாறு சுரக்கிற சோளத்தட்டைக்கு? சட்டத்திலும் விலையில்லை, ஆதரவுப் பட்டியலிலும் விலையில்லை. ஆலைக்காரர் மனம் வைத்தால் விலை. மனம் மாறினால் மாட்டுத் தீவனம்!

நியாயமான விலை எவ்வளவு? கரும்பு ஒரு டன்னில் சாறாகவே வடித்தால் ஏறத்தாழ 70 லிட்டர் எத்தனால். அதற்கு 3,550 ரூபாய். தட்டை ஒரு டன்னில் 40 லிட்டர். அதே விகிதத்தில் பார்த்தால் டன்னுக்கு 2,000 ரூபாய். இது பேராசையல்ல, வாய்ப்பாடு! ஏக்கருக்கு 15 டன் என்றால் 30,000 ரூபாய். தானியம் அரை டன் வந்து, ஆதரவு விலையும் கிடைத்தால் மேலும் 18,495 ரூபாய். செலவு கழிக்காத கணக்கு இது. மழை ஏமாற்றினால் 15 டன் பத்தாகும். அதையும் நினைவில் வைத்தே பேச வேண்டும்.

காட்டிலிருந்து வரும் விருந்தாளி

பட்டணத்து மேசையிலே திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று தேன்கனிக்கோட்டைக்காரருக்குத் தெரியும். ஆண்டுதோறும் அக்டோபரைத் தாண்டினால் கர்நாடகத்துப் பன்னேருகட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஊடேதுர்க்கம் பக்கம் இறங்கும். ராகிக் கதிருக்கே அத்தனை தொலைவு நடந்து வருகிற யானை, இனிப்புத் தட்டையின் வாசம் கண்டால் திரும்பிப் போகுமா? ஆகவே காட்டோரக் கிராமங்களுக்கு இந்தப் பயிரைச் சொல்லாதீர்கள். சொல்வதானால், ஓர் இரவில் அழிந்ததற்கு ஒரு வாரத்தில் ஈடு கொடுங்கள்.

இன்னொன்று கூலி. தட்டையைக் கையால் வெட்ட வேண்டும், தோகை உரிக்க வேண்டும், கட்ட வேண்டும், ஏற்ற வேண்டும். ஊரிலே வெட்ட யார் இருக்கிறார்கள்? இளைஞன் விடியற்காலையிலே கம்பெனிப் பேருந்தில் ஏறி ஓசூர் போய்விடுகிறான். வெட்டும் கருவியைக் கூட்டுறவுச் சங்கம் வாங்கி வாடகைக்குத் தராவிட்டால், வருகிற விலையில் பெரும்பங்கு கூலிக்கே போய்விடும்.

வயிறா, வண்டியா?

"ஏழை வயிற்றுத் தானியத்தை வண்டிக்கு ஊற்றலாமா?" என்று கேட்பவர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியா வாங்கி எரிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அந்தச் செலவைக் குறைக்க வேண்டும் என்பதிலே நமக்கு மாறுபாடு இல்லை. குறைக்கிற வழியிலேதான் மாறுபாடு. 2025 ஜனவரியில் உணவுக் கழகத்து அரிசியைக் குவிண்டால் 2,250 ரூபாய்க்கு எத்தனால் ஆலைகளுக்குக் கொடுக்க டில்லி முடிவு செய்தது. மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போகத் தொடங்கியதும், ஏற்றுமதி செய்து வந்த நாடு 2024-இல் இறக்குமதிக்குத் திரும்பியது. தீவன விலை ஏறியதென்று நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர் குமுறினார். தீவன விலை ஏறினால், தொழிலாளி வீட்டுக் குழந்தையின் தட்டிலே முட்டைக்குமல்லவா விலை ஏறும்!

இங்கேதான் இனிப்புச் சோளம் தனித்து நிற்கிறது. கதிரை நாம் வைத்துக்கொண்டு தண்டை மட்டும் வண்டிக்குக் கொடுக்கலாம். ஆனால் ஓர் எல்லைக் கோடு வேண்டும். ராகி விளைகிற காட்டிலே ராகிதான் விளைய வேண்டும். களி தின்று வளர்ந்த மக்கள் நாம். காய்ந்து கிடக்கும் தரிசுக்கும், மாற்றுப் பயிர் தேடும் மானாவாரிக்கும் இனிப்புச் சோளம் வரட்டும். ராகியை விரட்டிக்கொண்டு வரவேண்டாம்.

உரிமையும் கடமையும்

விலை வைப்பது டில்லி. கலப்பு விகிதம் சொல்வது டில்லி. வாங்குகிற எண்ணெய்க் கம்பெனிகளும் டில்லியின் கையில். விதைப்பவன் மட்டும் நம்மவன்! நீண்ட காலம், தொழிலுக்கான சாராயத்தில் மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்றே இருந்தது. 1989-இல் உச்ச நீதிமன்றத்து ஏழு நீதிபதிகள் தந்த தீர்ப்பு அது. 2024 அக்டோபர் 23-இல் ஒன்பது நீதிபதிகள் கூடி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றினார்கள். தொழிற்சாலைச் சாராயத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்றார்கள்.

உரிமை வந்தால் கடமையும் வரும். டில்லியை மட்டும் சாடிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ராகிக்கும் கொள்ளுக்கும் சோளத்துக்கும் புது இரகங்கள் தந்த நிலையம். அங்கே நம் மண்ணில் இனிப்புச் சோளம் எத்தனை டன் தரும், எத்தனை சர்க்கரை தரும் என்று இரண்டு பருவம் பயிரிட்டுக் காட்டட்டும். பாலக்கோட்டுக் கூட்டுறவு சர்க்கரை ஆலை கரும்பு இல்லாத மாதங்களில் இதைப் பிழிய முடியுமா என்று பார்க்கட்டும்.

தொலைவுக்கும் வழியுண்டு. மேடக் மாவட்டத்து இப்ராகிம்பாத் கிராமத்தில் 2008-இல் இக்ரிசாட் செய்து காட்டியது. ஊரிலேயே தட்டையைப் பிழிந்து, சாற்றைப் பாகாகக் காய்ச்சினார்கள். சாறு ஒரு நாளைக்குக் காத்திருக்காது. பாகு மாதக் கணக்கில் காத்திருக்கும். சக்கையில் ஒரு பகுதி அடுப்புக்கு, மீதி மாட்டுக்கு. வெல்லம் காய்ச்சத் தெரிந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இது புதுக் கலையா என்ன? ஆலைக்குத் தட்டை போகவேண்டாம், பாகு போகட்டும். எடை ஊரிலே நடக்கட்டும்; பணம் ஊரிலே தங்கட்டும்.

இத்தனையும் நடக்குமா என்று ஐயப்படுவோருக்கு ஒரு சான்று. 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி தரும் திட்டம் வந்தது. அதற்காக நம் பகுதி உழவரிடமே ஆதரவு விலையில் ராகி கொள்முதல் செய்தார்கள். வாங்க ஆள் உண்டு, விலை உண்டு என்றால் உழவனுக்கு எவனும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதே மாவட்டத்தில்தான் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார வண்டிகள் தயாராகின்றன. நாளை வண்டிகளெல்லாம் மின்சாரத்துக்கு மாறினால் எத்தனாலுக்கு வேலை குறையும். உழவன் நாலு மாதத்தில் பயிரை மாற்றிக்கொள்வான். கோடி கொட்டிக் கட்டிய ஆலை மாற முடியாது. ஆகவே பெரிய ஆலைக்கு அவசரப்படாமல், சிறு பாகுக் கொட்டகைகளில் தொடங்குவதே அறிவு. வடிக்க முடியாமல் போனாலும் பாகு பாகுதான், தின்னலாம், விற்கலாம்!

கழனியில் உழைப்பவரும் ஆலையில் உழைப்பவரும் ஒரே குடும்பம். தந்தைக்கு விலை கிடைத்தால் மகன் வட்டிக்கடைக்குப் போகமாட்டான். ஆகவே ஊர்க்கூட்டத்தில் இந்த நாலையும் கேளுங்கள், தோழர்களே: விதைக்குமுன் எழுத்தில் விலை. ஊரிலேயே பிழியும் வசதி. யானைக்கும் வறட்சிக்கும் ஈடு. ராகிக் காட்டைத் தொடாத உறுதி. நாலும் வந்தால் விதையுங்கள். நாலில் ஒன்று குறைந்தாலும் பொறுங்கள்.

இராயக்கோட்டைப் பெரியவரே! நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் என் விடை. போடலாம் ஐயா. ஆனால் சோளத்தை நீங்கள் மண்ணிலே போடுமுன், விலையை அவர்கள் தாளிலே போடட்டும்!